லைட் ஹவுஸ் அவென்யூ

விமானத்தில் ஜன்னலோரம் கிடைக்கிறவர்களில் பாதிப் பேர் அதற்கு லாயக்கில்லாதவர்கள். ஏறி உட்கார்ந்ததும் றெக்கையைப் போட்டோ எடுப்பார்கள், என்னமோ அவர்களே வாங்கிவந்து மாட்டிய றெக்கை மாதிரி. அதை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் மூடியை இழுத்து இறக்கிவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். கீழே பூமி பாட்டுக்கு நகர்ந்து போய்க்கொண்டிருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவள் நான். ஒவ்வொரு முறையும் இந்த ஜென்மங்களைப் பார்த்து வயிறெரிவேன். ஒரு தடவை எனக்கு நடு சீட் வந்தது. ஜன்னலோரம் இருந்த ஆள் ஏறியதிலிருந்து இறங்கும்வரை செல்போனில் கலர் மிட்டாய் உடைத்துக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஜன்னலோரம், இடது பக்கம், றெக்கைக்குப் பின்னால். இல்லையென்றால் நான் ரயிலில் வந்துகொள்கிறேன்.

இடது பக்கம் எதற்கு என்று அவளுக்குப் புரியாது. மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் விமானம் நேராக வந்து இறங்காது. வண்டலூருக்குத் தெற்கே வந்து, கடல்வரை போய், திரும்பி வந்துதான் மீனம்பாக்கத்தில் இறங்கும். அந்தப் பத்து நிமிஷமும் இடது ஜன்னலில் எங்கள் ஊர் முழுவதும் விரித்துப் போட்டிருக்கும். நான் பீர்க்கன்கரணைப் பக்கம் ஏரிக்குக் கீழே பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மேற்குத் தாம்பரத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

தரையில் நின்று பார்த்தால் எங்கள் பக்கத்தில் பார்க்க ஒரு மண்ணும் இல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் நின்றால் முன்னால் போகிற பஸ்ஸின் முதுகு தெரியும். பெருங்களத்தூர் பாலத்தில் ஏறினால் அதே பஸ்ஸின் விலா தெரியும். மேலே போனால்தான் ஊருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது என்பதே தெரிகிறது. மேட்டில் ஒரு ஏரி, அது நிறைந்தால் பள்ளத்தில் அடுத்தது, அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது என்று யாரோ மூளையுள்ள மனுஷர்கள் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைக்கு நடுவில் நம் ஜனங்கள் வீடு கட்டியிருக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. கால்வாயை மூடி ஒருத்தன், மதகை மறித்து ஒருத்தன். அதில் இன்ஜினீயர்கள் வேறு. ஐப்பசியில் மழை பெய்ததும் இவர்களே மொட்டை மாடியில் நின்றுகொண்டு டிவிக்காரனிடம் அழுவார்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு முட்டாள்களையும் ஒரே பார்வையில் மேலிருந்து பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு நாள், மத்தியான விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். நடு சீட்டில் வந்து உட்கார்ந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. ஆபீஸை விட்டு அறுநூறு மைல் தள்ளி வந்தும் அதைக் கழற்றாதவர்களைப் பார்த்தால் எனக்கு மாட்டுக்குக் கட்டிய மணிதான் ஞாபகம் வரும். உட்கார்ந்ததுமே ஆன்ட்டி என்றான். டீச்சர் என்று கேட்டுப் பழகிய காதில் அது வேப்பெண்ணெய் ஊற்றின மாதிரி விழுந்தது. இறங்கும்போது மட்டும் இடம் மாற்றிக்கொள்ளலாமா, பத்து நிமிஷம் போதும் என்று கேட்டான். முடியாது என்றேன். அதற்கும் சிரித்தான். திட்டினாலும் சிரிக்கிற ரகம். சரி, எட்டிப் பார்த்துக்கொள், என் மேல் சாயாமல் இரு என்று ஒரு சலுகை கொடுத்தேன்.

அப்படி எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டது என் தப்பு. ஆளுக்கொரு சாண்ட்விச்சை மென்று முடிப்பதற்குள் தன் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டான். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறான். அவன் அம்மாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை போவாள், அவ்வளவுதான். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அந்த அம்மாள் தெருவில் இறங்கி எட்டு மாசமாகிறது. அவளுக்காகத்தான் இடம் பார்த்திருக்கிறான். வியாழக்கிழமை பத்திரப் பதிவு. ரோட்டிலிருந்து மூன்றடி உயர்த்தி வீடு கட்டப் போகிறான். கீழ்த்தளத்தில் அம்மாவுக்குப் பெரிய அறை, சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல், கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் ஏரியைப் பார்க்கலாம். இன்றைக்கு மேலிருந்து அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அம்மாவிடம் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஜன்னல்.

ஏரி வியூ என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். சிட்லபாக்கத்திலிருந்து வண்டலூர்வரை எந்தக் குட்டையின் பக்கத்தில் எவன் செங்கல் அடுக்கினாலும் ஏரி வியூதான். ஆகாயத்தாமரையும் தெர்மோகோலும் மிதக்கிற சாக்கடையைப் பார்ப்பதற்கு ஒரு பால்கனி, அதில் இரண்டு மூங்கில் நாற்காலி. எந்த ஏரி என்று கேட்டேன். பீர்க்கன்கரணைப் பக்கம் என்றான். நான் பிறந்த ஊரே அதுதான், எந்தத் தெரு என்று கேட்டேன்.

"லைட் ஹவுஸ் அவென்யூ, ஆன்ட்டி" என்றான்.

வாயில் இருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. பீர்க்கன்கரணையில் லைட் ஹவுஸா? கடல் எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே இருக்கிறோம். அவன் செல்போனில் ஒரு விளம்பரத் தாளைக் காட்டினான். சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட கலங்கரை விளக்கம், அதன் காலடியில் அலை, அலைக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் குழந்தை. தமிழில் 'கலங்கரைத் தெரு' என்றும் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஏரியில் படகுப் போக்குவரத்து இருந்திருக்கும், அதற்காக ஒரு விளக்கு வைத்திருப்பார்கள் என்று இவனே ஆராய்ச்சி செய்து வைத்திருந்தான். படித்த படிப்பெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அது கலங்கரை இல்லை, கலங்கல். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். விளம்பரத் தாள் அச்சடித்த கடையில் எவனோ ஒரு மேதாவி, கலங்கல் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, சரியாகத் தூங்காதவன் எழுதிய பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறான். கலங்கரை ஆனதும் அடுத்தவன் அதை இங்கிலீஷில் லைட் ஹவுஸ் ஆக்கியிருக்கிறான். தெருவை விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது. லைட் ஹவுஸ் என்றால் நாலு பேர் கூடுதலாக வருவார்கள் என்று அப்படியே விட்டிருப்பான்.

முப்பது வருஷப் பழக்கம் விடுமா. தப்பை எடுத்துச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "கலங்கரை இல்லப்பா, கலங்கல்" என்றேன். "லகரத்த முழுங்கிட்டு லைட் ஹவுஸ் கட்டியிருக்காங்க."

"அப்படின்னா என்ன ஆன்ட்டி?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் விமானம் சாய்ந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவின் காடு கீழே பச்சையாக நழுவிப் போனது. முன் வரிசையில் ஒருத்தர் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையைப் பார்த்துவிட்டு, ஏர்போர்ட் வந்துவிட்டது என்று மனைவியை எழுப்பினார். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதைச் செய்யாமல் இருப்பதில்லை. என் பக்கத்தில் இருந்தவன் கழுத்தை நீட்டிக்கொண்டு, செல்போனை ஜன்னலில் ஒட்டிவைத்தான். ஏரி வந்தது. கோடையில் பாதி வற்றி, ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. அதன் கரை அரிவாள் மாதிரி வளைந்து போகிறது. அந்த வளைவு முடிகிற இடத்தில் கரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அதுதான் கலங்கல். அதற்கு நேர் கீழே, கரைக்கு வெளிப்பக்கம், செம்மண் கொட்டிச் சமன் செய்து, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரி நாலு தெரு போட்டிருந்தார்கள். "அதோ, அதோ, அந்த கார்னர்" என்று விரலால் கண்ணாடியைத் தட்டினான்.

அவன் காட்டிய மூலை எங்கள் நிலம்.

எங்கள் குடும்பத்தில் அதைக் கலங்கலடி என்போம். கலங்கல் என்பது ஏரிக்கரையில் கருங்கல்லால் கட்டிய தாழ்வான வாசல். ஏரி நிறைந்து வழியும் தண்ணீர் கரையை உடைக்காமல் அந்த வழியாக வெளியே பாயும். பாய்ந்து வந்து விழுகிற முதல் நிலம் எங்களுடையது. நல்ல மழை வருஷத்தில் ஐப்பசி தொடங்கிக் கார்த்திகை முடியும்வரை அங்கே என் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். எந்தச் சனியன் பிடித்த பாட்டன் இதை வாங்கினானோ என்று அப்பா கரைமேல் நின்று திட்டுவார். எங்களுக்கு அதிலிருந்து நண்டு கிடைத்தது, விரால் கிடைத்தது. நெல் கிடைத்த வருஷங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

விற்கிறவர் யார் என்று கேட்டேன். கேட்காமலேயே எனக்குத் தெரியும். ஊர்க்காரர், ரொம்பத் தங்கமான மனுஷர் என்றான். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாராம். யாரையும் கண்ணு போட்டுத்தான் கூப்பிடுவாராம். அம்மாவின் நிலைமையைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டாராம். அவர் என் அண்ணன். அவருக்குக் கண் கலங்குவது கொட்டாவி மாதிரி, நினைத்தால் வரும்.

வெள்ளம் வருமா என்றும் இவன் கேட்டுத்தான் இருக்கிறான். இவ்வளவு வெள்ளம் வந்ததில் அந்த இடத்தில் ஒரு வீடுகூடப் பாதிக்கவில்லை என்று அண்ணன் சத்தியம் செய்திருக்கிறார். அது உண்மைதான். வீடே இல்லாத இடத்தில் எந்த வீடு பாதிக்கும்? அதைக் கேட்டுக்கொண்டு இவன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறான். இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கார் வைத்திருக்கிறார்கள்.

"எங்களுக்கு பெரிய தைரியமே வேற, ஆன்ட்டி" என்றான். "வக்கீல் சொன்னார், இந்த மாதிரி பரம்பரை நிலத்துல அக்கா தங்கச்சி கையெழுத்து இருக்காது, பின்னாடி கேஸ் வரும்னு. இதுல அவரோட தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்காங்க. அந்த அம்மா மட்டும் கையெழுத்து போடலன்னா நாங்க இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் போன் செய்து ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வரச்சொன்னார். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரம். எந்த நிலம் என்று கேட்டேன். "கலங்கலடிம்மா. அதுல இன்னா கீது, நண்டுதான் கீது. ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சேற்றில் எவன் வீடு கட்டுவான் என்று நான் கேட்க, கட்டுவானுங்க பாரு என்று அவர் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே விடை எழுது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஏமாந்து போடவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தேதான் போட்டேன். ஏமாறப் போகிறவன் எவனோ ஒரு முகம் தெரியாத முட்டாள், அவன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி ஒரு பட்டுப்புடவை கொடுத்தாள். அன்றைக்கு விமானத்தில் நான் கட்டியிருந்தது அதில்லை, அந்த மட்டும் சாமி காப்பாற்றியது.

"சொல்லுங்க ஆன்ட்டி, கலங்கல்னா என்ன?" என்று மறுபடியும் கேட்டான். விட மாட்டேன் என்கிறான்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தண்ணீர் வெளியே பாய்கிற வழிக்குக் கலங்கல் என்று பெயர், நீ உன் அம்மாவை அதன் வாயில் படுக்கவைக்கப் போகிறாய். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

"கரையில இருக்கிற ஒரு கல்லுப்பா" என்றேன். "பழைய கல்லு."

அவனுக்கு அது போதுமாக இருந்தது. லைட் ஹவுஸ் இல்லாவிட்டாலும் ஒரு பழைய கல்லாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

விமானம் கடலுக்கு மேல் போய்த் திரும்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தையும் என்னால் மறக்க முடியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தெரிந்தது, அதைச் சுற்றி நெருக்கியடித்த கண்ணாடிக் கட்டிடங்கள் தெரிந்தன. மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொன்றையும் வாய்விட்டு நாறடித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆவணியில் பேரனுக்குக் காது குத்து. மகளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அண்ணன் மகன்தான் தாய்மாமன் ஸ்தானத்தில் மடி கொடுக்க வேண்டும். இப்போது அண்ணனைப் பகைத்துக்கொண்டால் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது? மூன்றடி உயர்த்திக் கட்டப்போவதாக இவன் சொன்னானே, அது போதாதா? அடுத்த வருஷம் மழை பெய்யும் என்று யார் கண்டார்கள்? கூகுளில் தட்டினால் வருகிற சொல்லை என்னிடம் ஏன் கேட்கிறான்? நாலு சாக்கும் கேவலமான சாக்கு. மாணவன் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

அண்ணன் பொய் சொல்லி விற்கிறார், அது அவர் பிழைப்பு. அச்சுக்கடைக்காரன் தெரியாமல் தப்புச் செய்தான். இந்த விமானத்தில் உண்மை தெரிந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். கடல் வந்ததும் ஜன்னல் மூடியை இறக்கிவிட்டேன். இறங்கும்போது திறந்திருக்க வேண்டும் என்று பணிப்பெண் வந்து அதட்டித் திறக்கவைத்தாள்.

இறங்கினதும் தொலைந்தான் என்று இருந்தேன். பெட்டி வருகிற இடத்திலும் பக்கத்தில் வந்து நின்றான். என் பெட்டியை அவனே தூக்கி வைத்தான். ஒரு கையில் செல்போன், அம்மாவுடன் பேசிக்கொண்டிருக்கிறான். போட்டோ வந்துச்சா, பார்த்தியா, அந்த மூலைதான் என்கிறான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, பக்கத்து சீட்டில் அந்த ஊர்க்கார ஆன்ட்டியே வந்தார்கள், நல்ல இடம்தான் என்று சொன்னார்கள் என்றான். நான் அப்படிச் சொல்லவே இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம் என்று போனை நீட்டினான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அதற்குள் காதில் வைத்துவிட்டான்.

வாதத்தில் நாக்குக் கொஞ்சம் குழறியது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் பேசினாள். சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும். அவனுக்குச் சொல்லத் தெரியல. இங்க லாரித் தண்ணிய நம்பியே எங்க காலம் போச்சு. அங்க வீட்டுக்குத் தண்ணி வருமா?"

"வரும்மா" என்றேன். "நிறைய வரும்."

"கீழ் வீட்டுக்கே வந்துடுமா? மோட்டார் போட வேணாமா?"

பெல்ட்டில் யாருடைய பெட்டிகளோ சுற்றிக்கொண்டிருந்தன. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மோட்டாரே வேணாம்மா" என்றேன். "தானா வரும்."

அது போதும்மா, நீங்க நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்தாள்.